வாளியின் முழங்கால்

ரீனோ கவுண்டி, கான்சாஸ்
ஜூன் 3, 1994

மேவிஸ்,

நான் கடிதம் எழுதுவதை வைத்துச் சமாதானம் ஆகிவிட்டது என்று எண்ணிவிடாதே. பெட்டி வந்தால் வந்தது என்று சொல்வது முறை. வந்தது. சொல்லிவிட்டேன்.

லாரிக்காரன் இறக்கிவைத்துவிட்டு, "என்ன பெரியவரே, உள்ள கன்னுக்குட்டியா?" என்றான். "தங்கச்சி அனுப்பினது. கன்னுக்குட்டியா இருந்தா அதிர்ஷ்டம்தான்" என்றேன். ஆணியைப் பிடுங்கிப் பார்த்தால் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி, கிளட்ச்சே மிதிக்க வேண்டாத சாதி. மேலே உன் சீட்டு: "முழங்காலுக்கு மருந்து." சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் என் இடது முழங்காலில் இரும்பு வைத்த வாரம், தானியக் கிடங்குக்கு எதிரே உள்ள காபிக் கடையில், ஊரே உட்கார்ந்திருக்கும்போது, என்னைப் பார்க்க வந்த நீ என்ன சொன்னாய் என்று எனக்கு எழுத்து எழுத்தாக நினைவிருக்கிறது. "எங்கண்ணனுக்கு இனிமே ஆட்டோமேட்டிக்தான். அவரு கிளட்ச்ச மிதிச்சா, டாக்டர் அவரை மிதிப்பாரு." ஹோபர்ட் லிண்ட் சிரித்த சிரிப்பில் அவன் மூக்கு வழியாகக் காபி வந்தது. அன்று முதல் நீ போன் செய்தால் நான் எடுப்பதில்லை. இனியும் எடுக்கமாட்டேன்.

ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். விதைக் கம்பெனிக் காலண்டரின் பின்பக்கம் 1957இல் எழுதியது இன்னும் ஷெட் சுவரில் தொங்குகிறது. கையெழுத்து உன்னுடையது, சொற்கள் என்னுடையவை. "இந்த 34ஆம் வருடத்து ஃபோர்டு இருவருக்கும் பாதிப் பாதி. வைத்திருப்பவர் வருடா வருடம் லேபர் டே பழைய வண்டிக் கூட்டத்துக்குத் தானே ஓட்டிப்போக வேண்டும். மூன்று வருடம் தொடர்ந்து போகாவிட்டால் வண்டி மற்றவருக்கு. கியர் தரையிலிருந்துதான் வரவேண்டும்." கடைசி வரியை எழுதும்போது, ஸ்டீயரிங் தண்டில் கியர் வைத்த வண்டிகளைப் பார்த்து நாம் இருவரும் எவ்வளவு சிரித்தோம்!

முழங்காலால் இரண்டு கூட்டம் போயிற்று. இந்தச் செப்டம்பரும் போனால் வண்டி உன் பொமோனாவுக்கு. அப்படியிருக்க, நான் ஓட்டுவதற்கு நீயே வழி செய்து அனுப்புகிறாய் என்றால் அதில் ஏதோ சூது இருக்கவேண்டும். தேடினேன். கண்டுபிடித்தேன். பெட்டிக்குள் லிவர் இல்லை.

லிவரை நான் தேர்ந்தெடுப்பேன். உதிரிபாகக் கடையில் இருபத்தொன்பது வருடம் நின்றவள் நீ. தரை லிவரில் என்னென்ன வகை உண்டு என்று மட்டும் எழுது. ஆலோசனை வேண்டாம். வண்டி ஆட்டோமேட்டிக் ஆகிறது என்று இந்த ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று எழுத்தில் சத்தியம் செய். முக்கியமாக ஹோபர்ட்டிடம்.

இன்னொன்று. 1961இல் நீ கலிபோர்னியாவுக்குக் கிளம்பிய அன்று, அப்பாவின் கிணற்றுப் பம்பிலிருந்து எடுத்துக் கியர் லிவரில் மாட்டியிருந்த பித்தளைக் குமிழைக் கழற்றிக்கொண்டு போனாய். முப்பத்து மூன்று வருடமாக நான் பீங்கான் கதவுக் குமிழைப் பிடித்துக் கியர் மாற்றுகிறேன். மறக்கவில்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

ஓரின் டக்கெட்


பொமோனா, கலிபோர்னியா
ஜூன் 14

அன்புள்ள அண்ணா,

கூடப் பிறந்தவளுக்குக் குடும்பப் பெயரோடு கையெழுத்துப் போட்ட ஒரே ஆள் நீதான். எந்த ஓரின் என்று குழம்பிவிடுவேன் என்று பயமா?

சத்தியம்: ஆட்டோமேட்டிக் பற்றி ரீனோ கவுண்டியில் ஒருவரிடமும் சொல்லமாட்டேன். மேவிஸ் டக்கெட். (நானும் போட்டுவிட்டேன், சந்தோஷமா?)

சூது ஒன்றுமில்லை. பொமோனாவில் எனக்கு ஒரே ஒரு நிறுத்துமிடம், அதில் என் டாட்சன் நிற்கிறது. உன் ஃபோர்டை எங்கே நிறுத்துவேன், குளியல் தொட்டியிலா?

லிவர் வகை கேட்டாய். மூன்று. ஒன்று, பந்தயக்காரர்கள் வைக்கும் ராட்செட் லிவர். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கியர்தான் மாறும், தவறிக் கூடத் தாண்டாது. அடியில் ரொட்டி டப்பா அளவுக்குப் பெட்டி இருக்கும். இரண்டு, பழைய கார்களிலிருந்து கழற்றிய கம்பெனி லிவர். குதிரை லாடம் மாதிரிப் பிடி. மூன்று, கியர்பெட்டியின் முதுகிலேயே திருகி, தரையில் ஓட்டை போட்டு நேராக மேலே வருகிற நீளக் கம்பி. இடத்தை அடைக்காது, பார்க்கவும் பழைய கியர் மாதிரியே இருக்கும்.

ஆலோசனை வேண்டாம் என்றாய். அதனால் எது நல்லது என்று சொல்லவில்லை. ராட்செட் ஒன்று கடையில் திரும்பி வந்து கிடந்தது, இத்துடன் அனுப்புகிறேன். வைத்துப் பார்.

குமிழ் விஷயத்தில் நீ சொன்னது உண்மை. எடுத்தது நான்தான். ஏன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை.

மேவிஸ்


ரீனோ கவுண்டி
ஜூன் 27

மேவிஸ்,

உன் ராட்செட் திரும்பி வருகிறது. அதன் பிடி துப்பாக்கிப் பிடி. நாற்பது வருடம் பண்ணைப் பம்புகளைப் பழுது பார்த்தவன் நான், வங்கியைக் கொள்ளையடித்தவன் இல்லை. தட்டினால் ஒரு கியர்தான் மாறுமாம். நான் எத்தனை கியர் மாற்றவேண்டும் என்று ஒரு தகர டப்பா எனக்குச் சொல்லுமா?

குதிரை லாடத்தை நானே பழைய வண்டிக் கொல்லையில் தேடிக் கண்டுபிடித்தேன். அதற்கு அடியில் அமெரிக்கக் கொடி போர்த்திய சவப்பெட்டி போல ஒரு மூடி. வேண்டாம்.

இரண்டுக்கும் இன்னொரு குறையும் உண்டு. இந்த வண்டியில் ஒரே நீள இருக்கை. நடுவில் பெட்டி வைத்தால் வலது பக்கம் உட்காருகிறவரின் இடது முழங்கால் எங்கே போகும்? அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் வாளியை இருக்கையில் கவிழ்த்து, மண்வெட்டிக் காம்பு இரண்டை அறுத்துக் கால் மாதிரி வைத்துக் கட்டினேன். ராட்செட்டை வைத்தால் காம்பு ஆறு அங்குலம் ஒதுங்குகிறது. லாடத்தை வைத்தால் கதவே சாத்தவில்லை.

ஹோபர்ட் நேற்று கடையில் வம்புக்கு இழுத்தான். "என்னடா ஓரின், ஷெட்டுக் கதவ பகல்லயும் சாத்தியே வச்சிருக்க? உள்ள என்ன, பொண்டாட்டி தேடி வச்சிருக்கியா?"

"கிளட்ச் சரி பண்றேன்."

"அந்தக் காலோடவா?"

"கிளட்ச்சுக்குத்தான் கால் வேணும், சரி பண்றதுக்குக் கை போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை என் பக்கம். நான் எதற்காக வாயை மூடச் சொன்னேன் என்று இப்போது புரிகிறதா? இந்தக் கூட்டத்தில் நாற்பது வருடமாக ஆட்டோமேட்டிக்காரர்களைக் கிண்டல் செய்து வந்தவன் நான். 1972இல் எர்வின் யோடர் ஆட்டோமேட்டிக் வைத்து வந்தபோது அவன் இருக்கையில் பாட்டிமார் தைக்கும் மெத்தை ஒன்றை வைத்தது யார் என்று உனக்குத் தெரியும்.

அந்த நீளக் கம்பியை அனுப்பு.

ஓரின் டக்கெட்


பொமோனா
ஜூலை 6

அண்ணா,

கம்பி வருகிறது. பதினாறு அங்குலம், ஒரு வளைவு. நீ இருபத்து மூன்று அங்குலம் கேட்பாய் என்று தெரியும். கேட்காதே. முன்னால் தள்ளினால் டாஷ்போர்டில் இடிக்கும், பின்னால் இழுத்தால் இருக்கையில் இடிக்கும். இது ஆலோசனை இல்லை, கணக்கு.

அதன் முனையில் உள்ள குமிழில் ஒரு பொத்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால்தான் லிவர் நியூட்ரலைத் தாண்டி முன்னால் போகும். விவரச் சீட்டில் படம் போட்டு விளக்கியிருக்கிறது. அண்ணா, சீட்டைப் படி. படிப்பாயா? வானொலி, துணி துவைக்கும் இயந்திரம், உன் சொந்த முழங்கால், எதற்கு வந்த சீட்டையும் நீ படித்ததில்லை என்று லோயிஸ் அண்ணியே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு கேள்வி. அண்ணி போய் ஆறு வருடம் ஆகிறது. நாய்கூட உன் வண்டியில் ஏறாது. அந்தப் பக்கத்தில் உட்காரப் போவது யார், நீ வாளி வைத்து அளக்கிறாய்?

மேவிஸ்


ரீனோ கவுண்டி
ஆகஸ்ட் 15

மேவிஸ்,

வேலை முடிந்தது. எழுத நேரம் இல்லாமல் போனது அதனால்தான்.

உன் கம்பியின் ஒரு வளைவு போதவில்லை. காம்பில் உரசியது. வைஸில் பிடித்து, வெல்டிங் தீயில் சூடாக்கி, இன்னொரு வளைவு கொடுத்தேன். இப்போது தரையிலிருந்து எழுந்து, என் பக்கம் சாய்ந்து, கைக்கு நேராக வந்து நிற்கிறது. வாளிக்கு இரண்டரை அங்குலம் இடைவெளி. உன் கேள்விக்கு இதுவே பதில்: வாளி உட்காரும்.

பொத்தானைக் கழற்றிவிட்டேன். நான் லிஃப்ட் ஓட்டுகிறவன் இல்லை. என் பீங்கான் குமிழையே திருகினேன். விவரச் சீட்டு காபிக் கோப்பைக்கு அடியில் நன்றாகப் பயன்படுகிறது. ஆட்டோமேட்டிக் பற்றிச் சீட்டுப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவனா நான்? லோயிஸின் 53ஆம் வருடத்துப் போன்டியாக்கை நாற்பத்தொரு வருடமாக ஓட்டுகிறேன். லிவருக்கு நாலு இடம். இதற்கும் பொத்தான் இல்லாமல் எண்ணினால் நாலே இடம். பின்சக்கரத்தைக் கட்டையில் தூக்கிவைத்துப் பார்த்தேன். முதல் இடம் நியூட்ரல், இரண்டாவது டிரைவ். மற்றதை என் கை அறியும்.

கிளட்ச் பெடலை எடுக்கவில்லை. அடியில் ஒன்றும் கிடையாது, ஸ்பிரிங்கும் கம்பியும் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். கியர் மாற்றும்போது அதன் மேல் காலை வைப்பேன். பார்க்கிறவனுக்கு மூன்று பெடல், வளைந்த கம்பி, தேய்ந்த குமிழ். ஹோபர்ட் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால்கூடக் கண்டுபிடிக்கமாட்டான். இந்தப் பெடல் தந்திரம் உனக்கு மட்டும்தான் தெரியும்.

நான்கு முறை வெளியே எடுத்து ஓட்டினேன். நம் ஷெட்டுக்கு இரண்டு பக்கமும் கதவு இருப்பது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்துவிடலாம். மேவிஸ், அது சத்தமே போடாமல் கிளம்புகிறது. எருதுபோல இருந்த வண்டி. இதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டேன்.

ஒரே குறை. போன்டியாக்கில் செய்வதுபோல எஞ்சினை அணைத்து லிவரைக் கடைசிக்கு இழுத்து விட்டாலும் வண்டி சரிவில் உருண்டுபோகிறது. கலிபோர்னியாக்காரர்கள் பெட்டியைச் சரியாகப் பூட்டவில்லை. செங்கல் வைத்துக்கொள்கிறேன்.

கூட்டம் செப்டம்பர் மூன்று, சனிக்கிழமை. காலண்டரில் வட்டம் போட்டாகிவிட்டது.

ஓரின் டக்கெட்


பொமோனா
ஆகஸ்ட் 31

அண்ணா!

மகளைப் பார்க்க ஃப்ரெஸ்னோ போயிருந்தேன். இன்றுதான் வந்து உன் கடிதத்தைப் படித்தேன். செங்கல் என்ற இடத்தில் பையைக்கூடக் கீழே வைக்காமல் போனை எடுத்தேன். பதினொரு முறை மணி அடித்தது. நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

போன்டியாக்கில் ரிவர்ஸ் கடைசியில், எஞ்சினை அணைத்தால் சக்கரத்தைப் பூட்டுவதும் அதுவே. அது உலகத்தில் எல்லோரும் விட்டுவிட்ட பழைய ஒழுங்கு. இந்தப் பெட்டியில் ரிவர்ஸ் முன்னால்! நீ கழற்றி எறிந்தாயே, அந்தப் பொத்தானுக்கு அந்தப் பக்கம்! நீ கடைசிக்கு இழுத்தால் வருவது முதல் கியர், இருக்கிறதிலேயே முரட்டுக் கியர், முன்னால் பாயும். உன்னிடம் இப்போது ரிவர்ஸும் கிடையாது, சக்கரத்தைப் பூட்டுகிற பார்க்கும் கிடையாது. அதனால்தான் வண்டி உருளுகிறது, கலிபோர்னியாக்காரர்களால் இல்லை.

காபிக் கடைக்குப் போன் செய்து ஹோபர்ட்டிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எண்ணைக்கூடச் சுழற்றினேன். ஹோபர்ட்டே எடுத்து, "ஹலோ, யாருங்க?" என்றான். நான் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டேன். கடவுளே, நம் குடும்பம்!

இதை விரைவு அஞ்சலில் போடுகிறேன். அண்ணா, கூட்டத்தில் எல்லோரும் பின்பக்கமாகத்தானே நிறுத்துவீர்கள்?

மேவிஸ்


ரீனோ கவுண்டி
செப்டம்பர் 6

மேவிஸ்,

உன் விரைவு அஞ்சல் இன்று காலை வந்தது. லேபர் டே விடுமுறை என்று ஒன்று இருப்பதை நீ மறந்துவிட்டாய்.

நடந்ததை நானே எழுதுகிறேன். வேறு யாராவது உனக்குக் கூட்டிச் சொல்வதற்கு முன்.

சனிக்கிழமை காலை பதினேழு மைல் ஓட்டிப்போனேன். ஒரு குறையும் இல்லை. பூங்கா வாசலில் ஹோபர்ட் கையைத் தூக்கி, "பார்றா, ரெண்டு வருஷம் கழிச்சு வர்றாரு மாப்பிள்ள! கால் எப்படி?" என்றான். பெடலை ஒரு மிதி மிதித்துக் காட்டி, "கேக்காத, நீயே பார்த்துக்க" என்றேன். அதோடு விட்டிருக்கலாம்.

வண்டியின் மூக்கு வெளியே தெரியும்படி பின்பக்கமாக நுழைத்து நிறுத்துவதுதான் நம் வழக்கம், உனக்குத் தெரியும். எனக்கு இரண்டு வண்டிக்கு நடுவே இடம் விட்டிருந்தார்கள். அதைத் தாண்டி நிறுத்தினேன். எனக்கு எதிரே மென்னொனைட் சர்ச்சுப் பெண்கள் பழம் வைத்துச் சுட்ட பை பலகாரம் விற்கும் மேசை. எல்லோரும் பார்க்கிறார்கள். வலது கையால் குமிழைக் கடைசிவரை இழுத்து, அதே கையை வாளியின் தோளில் போட்டு, தலையை முழுவதும் பின்னால் திருப்பி, கம்பீரமாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

பின்கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஹோபர்ட் சிறியதாகிக்கொண்டே போனான். அவன்தான் பின்னால் நடக்கிறான் என்று நினைத்தேன். நகர்வது நான் என்று புரிந்ததும் கிளட்ச்சை மிதித்தேன். அறுபத்தாறு வயதில், ஐம்பது வருடப் பழக்கத்தில், முழு பலத்தோடு. அது ஈரத்துணி போலக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. பெடலைத் தொங்கவிட்டிருந்த கம்பி அறுந்துவிட்டது. அடுத்துதான் பிரேக் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது.

யாருக்கும் அடிபடவில்லை. பதினொரு பை போயிற்று. ஆறு பீச், ஐந்து ஆப்பிள். திருமதி ஈனிட் ஷ்ராக் பை வெட்டும் கத்தியோடு பம்பருக்கு ஒரு அடி தள்ளி நின்றிருந்தார். அசையக்கூட இல்லை. "ஓரின் டக்கெட்," என்றார், "பை வேணும்னா மத்தவங்க மாதிரி வரிசையில வாங்க."

எல்லோரும் ஓடிவந்தார்கள். ஹோபர்ட் ஜன்னலுக்குள் தலையை விட்டான்.

"ஓரின், உன் கிளட்ச் பெடல் படுத்துக்கிச்சே."

"தெரியுது."

மண்டி போட்டு வண்டிக்கு அடியில் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "அடப்பாவி, கிளட்ச்சே இல்லையேடா!"

எர்வின் யோடர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். இருபத்திரண்டு வருடமாக இந்த நாளுக்குக் காத்திருந்தவன். "என் மெத்தை இன்னும் வீட்லதான் இருக்கு. கொண்டாரவா, ஓரின்?"

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மேவிஸ், அப்போது வண்டியை உனக்கே அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஹோபர்ட் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். இரண்டு பக்கமும் பார்த்தான். குரலைத் தணித்து, "என்னோடதும் இல்லடா" என்றான்.

"என்ன இல்ல?"

"கிளட்ச்சு. நாலு வருஷமாச்சு. இடுப்பு ஒத்துக்கல. ஆனா நான் பெடலுக்கு நல்லா வெல்டு வச்சிருக்கேன், உன்ன மாதிரி கம்பியில கட்டல."

அதற்குள் பின்னால் ஒருவன் இருமினான். இன்னொருவன் தொப்பியைக் கழற்றினான். கணக்கெடுத்ததில் அந்த வரிசையில் உண்மையான கிளட்ச் உள்ள வண்டி இரண்டுதான், அதில் ஒன்று ஓடாது. யோடர் ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டு, "திருட்டுப் பசங்களா, எனக்கு இவ்வளவு மெத்தை எங்க கிடைக்கும்!" என்றான்.

எட்டுப் பேர் சேர்ந்து என் வண்டியைப் பின்னால் தள்ளி வரிசையில் நிறுத்தினார்கள். ஆக, தானே ஓட்டிப்போக வேண்டும் என்பது நிறைவேறியது. கியர் தரையிலிருந்து வந்தது. நிறுத்துவதைப் பற்றிக் காலண்டரில் ஒரு சொல்லும் கிடையாது. வண்டி இங்கேயே இருக்கும். இதில் விவாதம் வேண்டாம்.

தள்ளும்போது ஹோபர்ட் இருக்கையைப் பார்த்து, "இது யாரு?" என்றான்.

"வாளி."

"வாளிக்கு எதுக்குடா முழங்கால்?"

பீச் சாறு வழியும் வண்டியில் உட்கார்ந்திருந்தவனுக்கு இனி மறைக்க என்ன இருக்கிறது? "மேவிஸுக்கு இடிக்கக் கூடாதுன்னு அளந்தது" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அன்று நடந்ததிலேயே பெரிய அவமானம்.

லிவரைக் கழற்றி வைத்திருக்கிறேன். பொத்தான் வைத்த குமிழ் குப்பையோடு போய்விட்டது. திரும்பப் பொருத்துவதற்கு முன் வளைவைச் சரிபார்க்க வேண்டும். வாளியின் கால் உத்தேச அளவு. உன் அளவை எழுது. இருக்கையில் உட்கார்ந்து, முதுகிலிருந்து முழங்கால் முனைவரை, அங்குலத்தில்.

குமிழை ஏன் எடுத்தாய்?

ஓரின்


பொமோனா
செப்டம்பர் 12

அண்ணா,

இருபத்திரண்டே கால் அங்குலம். கடையில் மூன்று பேர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து அளந்தேன். வாளி எவ்வளவு என்று எழுதாதே, நான் குண்டாகிவிட்டேன் என்று சொல்வாய்.

குமிழை ஏன் எடுத்தேன் என்றால், அது இல்லாமல் நீ ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "குமிழோடு திரும்பி வா" என்று எழுதுவாய் என்று நினைத்தேன். நீ கதவுக் குமிழை மாட்டிக்கொண்டாய். எனக்கு இருபத்தேழு வயது, எனக்கும் ரோஷம் இருந்தது.

சனிக்கிழமை அதைக் கடைப் பட்டறையில் கொடுத்து, நடுவில் துளை போட்டு, பொத்தான் வைத்து வாங்கினேன். பித்தளை இன்னும் அப்படியே மின்னுகிறது. அஞ்சலில் அனுப்பமாட்டேன். கையில் கொண்டு வருகிறேன். விடுப்புச் சொல்லியாகிவிட்டது. இருபத்தைந்தாம் தேதி ரயிலில் உன் பக்கத்து நியூட்டன் ஸ்டேஷனில் இறங்குவேன்.

வாளியை இறக்கி வைத்துவிட்டு வா. ஸ்டேஷனில் மட்டும் வழக்கம் கிழக்கம் என்று எதையும் பார்க்காதே, முன்பக்கமாகவே நுழைந்து நிறுத்து. பின்னால் எடுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மேவிஸ்